காரைக்குடி பக்கம், பேசவிட்டுக் கேட்கும் மனநல கவுன்சிலர் யாராவது?

மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ. தீபாவளிக்குப் பிறகு பள்ளிக்கே போகவில்லை. பகலெல்லாம் வீட்டின் இரண்டாம் கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம். மூடி வைத்த இட்லி ராத்திரி இரண்டு மணிக்குத்தான் காலியாகிறது. சாகிற எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டுவிட்டேன், இல்லை என்கிறான்.

தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. மனநல மருத்துவர், மாத்திரை வேண்டாம், கவுன்சிலிங் போதும் என்றார். மதுரையில் ஒருவரிடம் மூன்று முறை போனோம். முக்கால் மணி நேரமும் அவரேதான் அறிவுரை சொன்னார். (அதற்கு எங்கள் அப்பத்தாவே போதும்.) அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் பொறுமையாகப் பேசினார்கள், இவன்தான் போனில் வாய் திறக்கவில்லை.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வழிமுறை, அதாவது தீர்ப்புச் சொல்லாமல் வருபவர் போக்கிலேயே பேசவிட்டுக் கேட்பது, இவனுக்குச் சரிவரும் என்று தோன்றுகிறது. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் அதில் பயிற்சி பெற்று, தமிழில், நேரில் பார்ப்பவர் யாரையாவது தெரியுமா?