மஞ்சள் தூள்: பாலில் எவ்வளவு போடலாம்? கலப்படத்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?

கேட்பவர்: அடுக்களை_திருச்சி

வணக்கம். எங்கள் வீட்டில் மஞ்சள் சமையலுக்கு மட்டுமல்ல, மருந்தாகவும் போகிறது. 4 வயதுப் பிள்ளைக்குச் (16 கிலோ) சளி பிடித்தால் இரவில் மஞ்சள் மிளகுப் பால். 10 மாதக் கைக்குழந்தைக்கு மஞ்சளைத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார்கள். மாமனாருக்கு 68 வயது, இதய வால்வு மாற்றியவர், வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுகிறார். மூட்டு வலிக்கென்று குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் தரும் சத்து) 500 மி.கி. காப்சூல், மிளகுச் சத்து சேர்த்தது, வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் ஆரம்பிக்கவில்லை.

கேள்விகள் இவை. சோடா உப்பு போட்டால் சிவந்தால் கலப்படம், அயோடின் போட்டால் கறுத்தால் மாவு கலந்தது என்று வரும் வீடியோக்களை நம்பலாமா? பாக்கெட் தூள் நல்லதா, விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைப்பது நல்லதா? யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

---

பதில்: மருந்தாளுநர்_தஞ்சை

இரண்டு விஷயங்கள் அவசரம். முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காப்சூலை மாமனார் தொடவே வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் உறையும் நேரம் ஒரு குறுகிய வரம்புக்குள் நிற்க வேண்டும், அதைத்தான் ஐ.என்.ஆர். சோதனையில் பார்க்கிறார்கள். வால்வு மாற்றியவர்களுக்கு அது பெரும்பாலும் 2க்கும் 3.5க்கும் இடையில் இருக்கும்படி மருத்துவர் வைப்பார். நியூசிலாந்தில் வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் சேர்ந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு ஐ.என்.ஆர். 10ஐத் தாண்டியது, 2018ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரிக்கையாகவே வெளியிட்டது. அந்த அளவில் மூளையிலோ குடலிலோ தானாகவே ரத்தம் கசியலாம். மிளகுச் சத்து சேர்ந்தால் சிக்கல் கூடும். மிளகிலுள்ள பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தடுக்கிறது. குர்குமின் உடம்பில் ஏறுவதற்காகத்தான் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் அதே வழியில் ஃபெனிடோயின், தியோஃபிலின், ப்ராப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறிவிடும். வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எதையும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். வார்ஃபரினோடு அவையும் ரத்தப்போக்கைக் கூட்டும். இதய மருத்துவரிடம் மூட்டு வலியைச் சொல்லி அவர் எழுதுவதை வாங்குங்கள். சாம்பார், ரசத்தில் வழக்கமாகப் போடும் மஞ்சள் அப்படியே இருக்கட்டும். அதைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்தது கைக்குழந்தை. ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளி கூடக் கூடாது. சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும் கூடாது. தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைப்பதில்லை. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பு நஞ்சை உண்டாக்கும். வீட்டு அடுப்பில் தேனைக் காய்ச்சினாலும் வித்துகள் சாகாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மலச்சிக்கல், பால் குடிக்கச் சோம்பல், அழுகை மெலிவது, கண்ணிமை தொங்குவது, கழுத்து நிற்காமல் துவள்வது ஆகியவற்றைக் கவனியுங்கள். ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை. தேனை விட்டு வசம்பைச் சுட்டு உரசிக் கொடுக்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். அதுவும் வேண்டாம், வசம்பில் உள்ள பீட்டா அசரோன் நஞ்சுத்தன்மை உடையது.

4 வயதுப் பிள்ளைக்கு வருவோம். குர்குமினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. 16 கிலோவுக்கு 48 மி.கி. நல்ல மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம் என்று வைத்தால், அது சுமார் ஒன்றரை கிராம் தூள். ஒரு தட்டைத் தேக்கரண்டி தூள் சுமார் 3 கிராம் வரும். ஆகவே பாலுக்குக் கால் தேக்கரண்டி போதும். மீதி இடம் சமையலில் போகும் மஞ்சளுக்கு. 150 மி.லி. பாலோடு 50 மி.லி. தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள், இடித்த மிளகு 2. பால் பொங்கும்போதே தூளைப் போட்டு 3, 4 நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கிய பாலில் பச்சைத் தூளைத் தூவாதீர்கள். அரைத்த மசாலாத் தூள்களில் கிருமிகள் இருப்பது சாதாரணம்.

இந்தப் பால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். நிமோனியாவை நிறுத்தாது. பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 1 முதல் 5 வயதுவரை நிமிடத்துக்கு 40ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ மஞ்சள் பால் நேரம் முடிந்துவிட்டது, உடனே மருத்துவமனை. உங்கள் 10 மாதக் குழந்தைக்கு அந்த எண் 50.

---

பதில்: பகுப்பாய்வு_மேசை

சோதனை வீடியோக்களில் பாதி, நல்ல மஞ்சளையே கெட்டது என்று சொல்பவை.

சோடா உப்போ சுண்ணாம்போ பட்டால் சுத்தமான மஞ்சளும் சிவக்கும். காரம் பட்டால் குர்குமின் நிறம் மாறுவது அதன் இயல்பு. ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான். அயோடின் சோதனை மஞ்சளுக்குச் சுத்தமாக உதவாது. மஞ்சள் ஒரு கிழங்கு, அதிலேயே மாவுச்சத்து நிறைய இருக்கிறது, கறுக்கத்தான் செய்யும்.

வீட்டில் செய்யத் தகுந்தது தண்ணீர்ச் சோதனை. கண்ணாடி டம்ளரில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி தூளை மேலே போட்டு, கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் இறங்கும்போது தண்ணீர் வெளிர் மஞ்சளாக மட்டும் மாறும், ஏனென்றால் குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. மெட்டானில் யெல்லோ என்ற சாயம் நன்றாகக் கரையும். இறங்கும்போதே அடர் மஞ்சள் கோடுகள் ஓடும். முழு மஞ்சளுக்கும் இதேதான்: தண்ணீரில் போட்டதும் நிறம் கழன்று வந்தால் மேலே பூசியிருக்கிறார்கள். அடர் அமிலத்தில் மெட்டானில் இளஞ்சிவப்பாகும் என்பது உண்மை. ஆனால் சுத்தமான மஞ்சளும் அமிலத்தில் சிவக்கும். தண்ணீர் ஊற்றினால் அந்தச் சிவப்பு போய்விடும், மெட்டானிலின் சிவப்பு நிற்கும். கழிப்பறை அமிலத்தை வைத்து இதைச் சமையலறையில் செய்து பார்க்காதீர்கள்.

நிஜமான ஆபத்து லெட் குரோமேட். காரீயமும் குரோமியமும் சேர்ந்த, பெயின்ட்டுக்குப் போடும் மஞ்சள் நிறமி. அது தண்ணீரில் கரையாது, எனவே தூளில் கலந்திருந்தால் டம்ளர் சோதனை காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது. கணக்கைப் பாருங்கள். லெட் குரோமேட்டின் எடையில் 64 சதவீதம் காரீயம். ஒரு கிலோ தூளில் ஒரே ஒரு கிராம் கலந்தால் 640 பி.பி.எம். (கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்) காரீயம். மஞ்சளுக்கு இந்தியாவில் அனுமதித்த வரம்பு 10 பி.பி.எம். அதாவது வரம்பைப் போல 64 மடங்கு, கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் காரீயம் எங்கும் போகாது.

பயமுறுத்தச் சொல்லவில்லை, இது நிறுத்தக்கூடிய கலப்படம். பங்களாதேஷில் 2019ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. அரசு மொத்தச் சந்தையில் கருவி வைத்துச் சோதித்து, அபராதம் போட்டு, மக்களுக்கும் சொன்னது. 2021ல் அந்த 47, பூஜ்யமானது. இந்தியாவில் எடுத்த மாதிரிகளில் பாட்னாவிலும் குவஹாத்தியிலும் வாங்கியவற்றில் மிக அதிகமாக இருந்தது.

சந்தேகம் இருந்தால் சோதனைக்குக் கொடுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40ன்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கலாம். பொருள் தவறு என்று வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் கிண்டி, கோவை, சேலம், தஞ்சை, மதுரை, பாளையங்கோட்டையில் அரசு ஆய்வகங்கள் உள்ளன. பிரிக்காத பாக்கெட்டும் பில்லும் கையில் இருக்கட்டும். ‘காரீயம், பி.பி.எம். அளவில்’ என்று எழுதிக் கேளுங்கள். வெறுமனே ‘கலப்படம் இருக்கிறதா’ என்று கேட்டால் நீங்கள் தேடுவதைத் தேடாமலே அறிக்கை வந்துவிடக்கூடும்.

---

பதில்: விரலி_ஈரோடு

பூச்சு எங்கே ஏறுகிறது என்று தெரிந்தால் வாங்குவது சுலபமுங்க. தை, மாசியில் வெட்டின கிழங்கை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேக வைப்பாங்க. நுரை தள்ளி வாசம் எழுந்தால் வெந்தது. அப்புறம் 10, 15 நாள் களத்தில் காயும். காய்ந்தது கரடுமுரடாக, மங்கலாகத்தான் இருக்கும். அதைச் சுழலும் டிரம்மில் போட்டு மேல்தோல் உரியத் தேய்க்கிறதுதான் பாலிஷ். கடைசிச் சுற்றில் மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிற வழக்கம் உண்டு, அது தப்பில்லை. அந்தத் தூளுக்குப் பதிலாக நிறமி விழும்போதுதான் விஷம் உள்ளே வருது. மழையில் நனைஞ்சது, சரியா வேகாதது, பூச்சி தின்னதுன்னு விலை போகாத சரக்குக்குத்தான் இந்த வேலை அதிகம் நடக்கும். பங்களாதேஷிலும் 1980களின் வெள்ளத்தில் நனைந்து கறுத்த மஞ்சளை விற்கத்தான் இது ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க.

ஆகவே கடையில் தகதகன்னு மின்னுறதை எடுக்காதீங்க. மேலே சாம்பல் கலந்த மங்கல் மஞ்சள், கணு வளையங்கள் தெளிவாகத் தெரியணும், ஒடித்தால் ‘டணக்’குன்னு ஒடியணும், உள்ளே ஆரஞ்சு நிறம் அடர்த்தியாக இருக்கணும். வெளிநிறம் உள்நிறத்தை விடப் பளிச்சுன்னு இருந்தால் வெச்சுட்டு வந்துடுங்க. ஈரத்துணியில் அழுத்தித் தேய்த்தும் பாருங்க. ஊசித் துளை இருந்தால் வண்டு விழுந்தது. குண்டு மஞ்சளும் சமையலுக்கு ஆகும், அரைக்கத்தான் கஷ்டம். கஸ்தூரி மஞ்சள் பூசத்தான், சாப்பிட வேண்டாம். பூஜைக் கடை மஞ்சள் தூளைச் சமையலறைக்குள்ளேயே கொண்டு வராதீங்க. அதை உணவுன்னு யாரும் விற்கலை, சோதிக்கிறதும் இல்லை.

ஒரு கிலோ விரலி வாங்கினால்: குழாய்த் தண்ணீரில் பிரஷ் வைத்து 2, 3 முறை தேய்த்துக் கழுவுங்க, ஊற வைக்காதீங்க. உள்ளே ஈரம் போனால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையிலிருந்து அஃப்ளடாக்ஸின்ங்கிற நஞ்சு வரும். 2, 3 நாள் நல்ல வெயில். உரலில் அல்லது சுத்தியலால் பட்டாணி அளவுக்கு உடைங்க. முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்டும். மில்லில் மிளகாய் அரைத்த கையோடு அரைக்காதீங்க. முதலில் வரும் ஒரு கைப்பிடியைத் தனியா எடுத்துடுங்க. சூடா வரும் தூளைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறின பிறகுதான் டப்பாவில் அடைக்கணும், இல்லைன்னா மூடியில் வேர்த்துக் கட்டி பிடிக்கும். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும், அதனால் எஃகு டப்பா. 6 மாசத்துக்கு வேண்டியதை மட்டும் அரைங்க.

---

கேட்பவர்: அடுக்களை_திருச்சி

மிகவும் நன்றி. காப்சூலைத் திருப்பி அனுப்புகிறோம், தேனை நிறுத்தியாயிற்று. இன்னும் இரண்டு சந்தேகம். காப்சூல் வார்ஃபரின் சாப்பிடாதவர்களுக்குப் பரவாயில்லையா? என் நாத்தனார் கேட்கிறார். இத்தனை நாள் சில்லறைத் தூள்தான் வாங்கினோம், பிள்ளைக்குக் காரீயம் ஏறியிருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.

---

பதில்: மருந்தாளுநர்_தஞ்சை

முதல் கேள்விக்கு: கறியில் போடும் மஞ்சளும் காப்சூலும் ஒன்றல்ல. ஒரு 500 மி.கி. குர்குமின் காப்சூல், சுமார் 17 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம், ஐந்து தேக்கரண்டிக்கு மேல். அதோடு பைப்பரினும் சேர்ந்து உறிஞ்சப்படுவது பல மடங்காகிறது. இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் வீங்கியவர்கள் இத்தாலி, ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களிடம் இது அதிகம். ஆரம்பித்துச் சில வாரம் முதல் சில மாதங்களில் சிறுநீர் அடர்ந்து, கண் மஞ்சளாகி, அரிப்பு வரும். பித்தப்பைக் கல் உள்ளவர்கள், ஆக்ஸலேட் சிறுநீரகக் கல் வந்தவர்கள், ரத்தச் சோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், க்ளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள், சிறுநீரக மாற்றுக்குப் பின் டாக்ரோலிமஸில் இருப்பவர்கள் விலகியிருக்க வேண்டும். அறுவை சிகிச்சை இருந்தால் 2 வாரம் முன்பே நிறுத்தி, மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். நாத்தனாருக்கு இவை எதுவும் இல்லாவிட்டாலும், மருத்துவர் சொல்லாமல் தொடங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இரண்டாவது: ரத்தத்தில் காரீய அளவு என்று கேட்டு நரம்பில் எடுத்த ரத்தத்தைச் சோதியுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45ஐத் தொட்டால்தான் காரீயத்தை வெளியேற்றும் மருந்து. மூலத்தை நிறுத்தினால் ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் போய்ச் சேர்ந்தது பல வருடம் இருக்கும். கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்த பிள்ளையின் குடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், ஆகவே கீரை, முட்டை, பேரீச்சை, தேவைப்பட்டால் இரும்பு டானிக், இதுவே பாதி வைத்தியம். ‘உடம்பைச் சுத்தம் செய்யும்’ பொடிகள் எதையும் வாங்க வேண்டாம்.

---

பதில்: பகுப்பாய்வு_மேசை

மஞ்சளை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். ரசத்துக்கு ஈயச் சொம்பு வைத்திருந்தால் அதையும் சோதிக்க வேண்டும். அது வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டியது. காரீயம் கலந்த சொம்பும் சந்தையில் வருகிறது. புளியும் சூடும் சேர்ந்தால் காரீயம் ரசத்தில் இறங்கும். வெள்ளீயம் இளகிய உலோகம்தான், ஆனால் காகிதத்தில் இழுத்தால் பென்சில் மாதிரிக் கறுப்புக் கோடு அழுத்தமாக விழுந்தால் சொம்பைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டுச் சோதனைக்குக் கொடுங்கள். கோடு விழவில்லை என்பதால் மட்டும் நல்லது என்று முடிவு செய்துவிட முடியாது. பிள்ளைக்கு இடும் கண்மை எங்கே வாங்கியது என்பதையும் பாருங்கள், அதிலும் காரீயம் இருக்கலாம்.