புதுப்பிப்பு: லேப்டாப் சூட்டுக்குக் காரணம் பஞ்சுதான்

போன வாரம் கேட்டிருந்தேன்: திருப்பூரில் எங்கள் நிட்டிங் யூனிட்டில் கணக்கு எழுதும் லேப்டாப் பத்து நிமிடத்தில் கொதிக்கிறது, விசிறி இரைகிறது, எக்செல் திறக்கவே திணறுகிறது என்று. நேற்று ஞாயிறு, மெஷின் ஓடவில்லை. கழற்றிப் பார்த்துவிட்டேன்.

விசிறி இறக்கைகளில் தூசி கொஞ்சம்தான். அதை மட்டும் துடைத்து மூடியிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. விசிறியையும் வெளியே எடுத்த பிறகுதான் தெரிந்தது: காற்று வெளியேறும் மெல்லிய தகடுகளின் உட்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, கம்பளித் துண்டு மாதிரி. ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது. நூலிலிருந்து பறக்கிற அதே பஞ்சு. வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது இது கண்ணில் படவே இல்லை.

கம்ப்ரசர் காற்று அடிக்கச் சொன்ன அண்ணன்களுக்கு: அதில் தண்ணீர் சேருமுங்க, அழுத்தமும் அதிகம். எனக்குச் சின்ன பிரஷும் கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பம்பும் போதுமாக இருந்தது. ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் உலோகப் பாகமான ஹீட் சிங்கைக் கழற்றவில்லை, அதனால் அதற்கும் சிப்புக்கும் நடுவில் பூசியிருக்கும் பேஸ்ட்டை மாற்றும் வேலையும் வரவில்லை.

முன்பு சூடு 97 டிகிரி காட்டியது, இப்போது அதே வேலைக்கு 72. அப்புறம், லேப்டாப்பை மெஷின் பக்கத்திலிருந்து ஆபீஸ் அறைக்கு மாற்றியாச்சு. மூன்று மாதம் கழித்து மறுபடி திறந்து, எவ்வளவு பஞ்சு சேர்ந்திருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.