கலேராஸ் 1993: ஆராயப் போனவர்களே பலியானால் இவர்கள் எச்சரிக்கையை எதை நம்பிக் கேட்பது?

மலைக்குருவி:
கொலம்பியாவின் கலேராஸ் எரிமலை பற்றிப் படித்ததிலிருந்து ஒரே குழப்பம். மக்கள் வசிக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அபாயமான எரிமலைகளில் 16ஐத் தேர்ந்தெடுத்து, 'பத்தாண்டு எரிமலைகள்' என்று பெயர் வைத்து, அதில் ஒன்றான கலேராஸைப் பற்றிப் பேச அடிவார நகரமான பாஸ்டோவில் பல நாட்டு நிபுணர்கள் கூடுகிறார்கள். 1993 ஜனவரி 14 அன்று அவர்களில் சிலர் எரிமலை வாய்க்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோதே அது வெடித்து, 6 விஞ்ஞானிகளும் மலைக்கு வந்திருந்த வேறு 3 பேரும் இறந்துவிட்டார்கள். இத்தனை பேர் கூடியும் தெரியவில்லை என்றால் கீழே குடியிருப்பவன் இவர்களை எப்படி நம்புவான்? சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

கருங்கல்:
ரெண்டு கேள்வியைச் சேர்த்துவிட்டீர்கள். அன்றைக்கு நடந்தது சின்ன வெடிப்பு, பாஸ்டோ நகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய்க்குள்ளேயே நிற்பவரைக் கொல்ல அது போதும், அவ்வளவுதான். 'இன்று உள்ளே இறங்கலாமா' என்பது வேறு, 'ஊரைக் காலி செய்ய வேண்டுமா' என்பது வேறு, முதல் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் ரொம்பக் கஷ்டம்.

கலேராஸில் அறிகுறியே இல்லை என்றும் சொல்ல முடியாது. டோர்னில்லோ என்று ஒரு வகை அதிர்வு உண்டு, பதிவில் திருகாணி மாதிரி மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டே போகும். 1992 ஜூலை வெடிப்புக்கு முன்னாலும் அது பதிவாகியிருந்தது, 1993க்கு முன்னாலும் வந்தது. ஆனால் எண்ணிக்கை குறைவு, மலையும் மொத்தத்தில் அமைதியாக இருந்தது. இங்கேதான் சிக்கல்: மலை விடும் வாயு குறைந்தால் அது அடங்கிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம், வழி அடைத்துக்கொண்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சாம்பல்மேடு:
நம்பிக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு பினாட்டுபோவைப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் சுமார் 500 வருஷம் தூங்கிய மலை. 1991 ஏப்ரலில் நீராவி கக்க ஆரம்பித்ததும் பிலிப்பைன்ஸ், அமெரிக்க விஞ்ஞானிகள் அவசரமாக அதிர்வுமானிகளை வைத்தார்கள். மே மாதத்தில், உள்ளே மாக்மா (உருகிய பாறைக் குழம்பு) மேலேறுவதைக் காட்டும் சல்ஃபர் டை ஆக்சைடு வாயு இரண்டே வாரத்தில் பத்து மடங்கு ஏறியது. ஆனால் வரைபடத்தை மட்டும் காட்டினால் யார் நம்புவார்கள்? அதனால் எரிமலை என்னவெல்லாம் செய்யும் என்று ஒரு வீடியோவை அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். அதை எடுத்த பிரெஞ்சு எரிமலை நிபுணர் மொரீஸ் க்ராஃப்ட் அதே வருஷம் ஜூன் 3ஆம் தேதி ஜப்பானின் உன்சென் எரிமலையில் மனைவியோடு இறந்துபோனார். ஜூன் 15 பெருவெடிப்புக்குள் பல்லாயிரம் பேர் வெளியேறிவிட்டார்கள். இறந்தவர்கள் பலர் அன்றே வந்த புயல்மழையில் நனைந்து கனத்த சாம்பல் கூரையை அமுக்கியதால் போனவர்கள்.

இதற்கு நேர்மாறு கொலம்பியாவிலேயே நடந்தது. 1985இல் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை. ஆர்மெரோ ஊர் சேற்றில் போகும் என்று அக்டோபரிலேயே அபாய வரைபடம் வந்துவிட்டது. நவம்பர் 13 இரவு 9 மணிக்கு மேல் மலை வெடித்தது, பனி உருகிச் சேறு ஊரை எட்டும்போது ஏறக்குறைய பதினொன்றரை. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். ஊரை முறையாகக் காலி செய்யவில்லை, 20,000க்கு மேல் பலி.

நீலவானம்:
எல்லா மலையும் பினாட்டுபோ இல்லை சார். காங்கோவின் நியிராகோங்கோ 2021 மே 22 அன்று கிட்டத்தட்ட எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் லாவாவைக் கோமா நகரம் பக்கம் விட்டது. அதற்கு முன் பல மாதம் அங்கிருந்த கண்காணிப்பகத்துக்கு இணையத்துக்குக் கட்டவே பணமில்லை, அது தனிக் கொடுமை.

மலைக்குருவி:
சரி, புரிகிறது. அப்போ இத்தாலியில் நேபிள்ஸ் பக்கம் கேம்பி ஃப்ளெக்ரே எரிமலைப் பகுதியில் தரை உயர்கிறதே, ஏன் இன்னும் அந்தப் பகுதியைக் காலி செய்யவில்லை?

கருங்கல்:
ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறார்கள். 1982-84இல் அங்குள்ள பொசுவோலி ஊரில் தரை 1.8 மீட்டர் எழும்பி, சுமார் 40,000 பேரை இடம் மாற்றினார்கள், எரிமலை வெடிக்கவே இல்லை. இப்போது 2012 முதல் மஞ்சள் நிலை எச்சரிக்கை. சிவப்பு மண்டலத்தில் (வெடிப்புக்கு முன்பே காலி செய்ய வேண்டிய பகுதி) கிட்டத்தட்ட 5 லட்சம் பேர், அவர்களை 72 மணி நேரத்தில் வெளியேற்றத் திட்டம் இருக்கிறது. அந்த 72 மணி நேரத்தை மலை தருமா என்பதுதான் அங்கே ஓயாத விவாதம். சீக்கிரம் அறிவித்து ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த தடவை யாரும் கிளம்ப மாட்டார்கள்.