பகடி நிலப்படங்கள்: சிரிக்க வைப்பது எது, சீண்டுவது எது?

மைக்கூடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் நடத்தும் சிற்றிதழின் அடுத்த இதழில், நாடுகளைப் பற்றி மக்கள் மனத்தில் படிந்திருக்கும் பொதுப்புத்தியைக் கேலி செய்யும் நிலப்படங்களுக்கு ஆறு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். கட்டுரை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பல்கேரியாவில் பிறந்த வடிவமைப்பாளர் யாங்கோ ஸ்வெட்கோவ் 2009-இல் தொடங்கிய வரிசையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் எரிவாயுத் தகராறு முற்றியிருந்த வேளையில் வந்த அந்த முதல் படத்தில், உக்ரைனின் மேல் ‘எரிவாயுத் திருடர்கள்’ என்ற பொருளிலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேல் ‘மானியம் வாங்கும் உழவர்களின் சங்கம்’ என்ற பொருளிலும் எழுதியிருந்தார். ஸ்விட்சர்லாந்துக்கு ‘வங்கி’ என்ற ஒரே சொல்தான்.

என் குழப்பத்துக்குக் காரணம் ஒரு சிறு நிகழ்ச்சி. அந்தப் பாணியில் யாரோ வரைந்த ஓர் ஐரோப்பியப் படத்தை அச்சிட்டு அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தேன். மொழிபெயர்ப்புப் பணி என்பதால் எங்கள் குழுவில் ஏழெட்டு நாட்டவர் இருக்கிறோம். போலந்தைச் சேர்ந்த சக பணியாளர் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று, போர்ச்சுகலில் தொடங்கி ஒவ்வொரு நாடாக வாய்விட்டுப் படித்துச் சிரித்தபடியே கிழக்கு நோக்கி வந்தார். தம் நாட்டின் மேல் ‘பிளம்பர்கள்’ என்று எழுதியிருப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. பென்சிலை எடுத்து, பால்டிக் கடலின் வெற்றிடத்தில் பொடி எழுத்தில், ‘என் தந்தை உயிரியல் ஆசிரியர், எங்கள் வீட்டுக் குழாய் இருபது ஆண்டுகளாக ஒழுகுகிறது’ என்று எழுதிவிட்டுத் தம் இருக்கைக்குப் போய்விட்டார். அவர் புண்பட்டாரா, அல்லது விளையாட்டில் தாமும் கலந்துகொண்டாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை; கேட்கவும் துணிவு வரவில்லை.

எனவே இரண்டு கேள்விகள். இந்த வகைப் படங்களுக்கு இணையத்துக்கு முற்பட்ட வரலாறு எவ்வளவு உண்டு? சிரிக்க வைக்கும் படத்தையும் வெறுமனே சீண்டும் படத்தையும் எதை வைத்துப் பிரித்துத் தேர்ந்தெடுப்பது?

பழந்தாள் எழுதியது:

மைக்கூடு, இரண்டாவது கேள்விக்கு விடையாக நான் எப்போதும் எடுத்துக் காட்டும் ஒரு படம் உண்டு. 1976 மார்ச் 29 தேதியிட்ட நியூயார்க்கர் இதழின் அட்டைக்குச் சால் ஸ்டைன்பெர்க் வரைந்தது அது. படத்தின் பெரும்பகுதியை நியூயார்க் நகரின் ஒன்பதாம் அவென்யூவும் பத்தாம் அவென்யூவுமே அடைத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே சன்னல்கள், வண்டிகள், நடந்து போகும் ஆட்கள் வரை தெளிவாகத் தெரியும். ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் ஜெர்சி என்று ஒரு பழுப்புக் கீற்று. அதற்கப்பால் மொத்த அமெரிக்காவும் சில பாறைகளும் சில ஊர்ப்பெயர்களும் சிதறிக் கிடக்கும் ஒரு வெற்றுத் திடல். அதை அடுத்து ஹட்சனைவிடச் சற்றே அகன்ற பசிபிக் பெருங்கடல். தொடுவானத்தில் சீனா, ஜப்பான், ரஷ்யா என்று மூன்று மேடுகள். இந்தப் படத்தைப் பார்த்து டெக்சாஸ்காரர் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை. கேலிக்கு உள்ளாவது ஒன்பதாம் அவென்யூவில் நின்றுகொண்டு உலகம் இவ்வளவுதான் என்று நம்பும் மனிதர். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே, அந்தக் கண்ணைத்தான் ஸ்டைன்பெர்க் வரைந்திருக்கிறார். ஸ்வெட்கோவின் பிற்காலப் படங்கள் ‘இன்ன நாட்டார் பார்வையில் ஐரோப்பா’ என்று தலைப்பிடப்பட்டிருப்பதும் இதே உத்திதான். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று படம் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சொல்லாமல் மறைக்கும் படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

வரலாறு நீளமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் ஸ்டைரியாப் பகுதியில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்ட ஓர் அட்டவணை உண்டு. நிலப்படம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் குடும்பத்தின் பாட்டனார் அதுதான். மேலே பத்து இனத்தார் அவரவர் உடையில் வரிசையாக நிற்கிறார்கள். கீழே 17 வரிகளில் அவர்களுடைய குணம், அறிவு, நோய், பொழுதுபோக்கு என்று கட்டம் கட்டமாகத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. கடைசி வரி, யார் எங்கே உயிரை விடுவார் என்பது. ஸ்பானியர் படுக்கையில், பிரெஞ்சுக்காரர் போரில், இத்தாலியர் மடாலயத்தில், செருமானியர் மதுவில், ஆங்கிலேயர் தண்ணீரில், ரஷ்யர் பனியில். கடைசிப் பத்தியில் ‘துருக்கியர் அல்லது கிரேக்கர்’ என்று இரு பகையாளிகளையும் ஒரே தலைப்பாகையில் அடக்கிவிட்டார்கள். வரைந்தவர் தெற்கே அவ்வளவு தொலைவு போனதில்லை என்று நான் ஊகிக்கிறேன்!

மனித உருவமாகவே நாடுகளை வரைந்த படங்களுக்கு 1870-இல் பாரிசில் பால் அதோல் வரைந்த ஐரோப்பா நல்ல சான்று. அதைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பாருங்கள். பிரான்சோடு பொருதும் பிரஷ்யாவின் பருத்த உடல், ஆஸ்திரியாவின் மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு ஒரு கையை ஹாலந்தின் மேல் வைத்திருக்கிறது. ஸ்பெயின் போர்ச்சுகலின் மேல் சாய்ந்து புகைபிடிக்கிறாள். இங்கிலாந்து சிடுசிடுத்த ஒரு கிழவி. அவள் கையிலிருக்கும் கயிற்றின் மறுமுனையில் அயர்லாந்து நாயாகக் கட்டப்பட்டிருக்கிறது. கோர்சிகாவும் சார்டினியாவும் சேர்ந்து எல்லாவற்றையும் பார்த்துச் சிரிக்கும் ஒரு குறும்புப் பயல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1868-இல் லண்டனில் வெளிவந்த பன்னிரண்டு நாட்டுப் படங்களின் தொகுப்பு ஒன்றும் உண்டு. அவற்றை வரைந்த லிலியன் லங்காஸ்டர் அப்போது பதினைந்து வயதுச் சிறுமி. நோயில் படுத்திருந்த தம்பியை மகிழ்விக்க வரைந்தவை என்று முன்னுரை சொல்கிறது. மனம் கசக்காத படம்தான் வேண்டுமென்றால் அங்கிருந்து ஒன்றை எடுங்கள்.

எதிர்க்காற்று எழுதியது:

பழந்தாள் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ‘பார்ப்பவரைத்தான் கேலி செய்கிறோம்’ என்பது மிகவும் வசதியான வாதம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுவரில் ஒட்டிய படத்தின் தலைப்பை எத்தனை பேர் படிக்கிறார்கள்? கண் நேராகத் தன் நாட்டுக்குத்தான் போகும். அங்கே எழுதியிருக்கும் ஒரு சொல் மட்டுமே நெஞ்சில் நிற்கும். மைக்கூடு விவரித்த நிகழ்ச்சியே அதற்குச் சாட்சி.

இன்னொன்று, பகடியாகப் பிறந்த உருவம் பகடியாகவே இருந்துவிடுவதில்லை. ரஷ்ய-துருக்கிப் போர் நடந்த 1877-இல் லண்டனில் பிரெடரிக் ரோஸ் வெளியிட்ட படத்தில் மற்ற நாடுகள் பெரும்பாலும் மனிதர்கள். ரஷ்யாவோ எட்டுத் திக்கிலும் கைகளை நீட்டும் ஆக்டோபஸ். கிரீமியப் போரில் வாங்கிய அடியை மறந்துவிட்டு மறுபடியும் கைகளை நீட்டுகிறது என்று குறிப்பு வேறு. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, ரஷ்ய-ஜப்பானியப் போர் தொடங்கிய மறுமாதம், 1904 மார்ச்சில், கெய்யோ பல்கலைக்கழக மாணவர் கிசாபுரோ ஒஹாரா அதே ஆக்டோபஸை வரைந்து, அதன் ஒரு கையை ஆசியாவின் கிழக்கு முனை வரை நீட்டிவிட்டார். ஆங்கிலேயர் ஒருவர் சூட்டிய பெயர் என்பதையும் அந்தப் படத்திலேயே ஒப்புக்கொண்டு, ஜப்பானியத்தோடு ஆங்கிலத்திலும் விளக்கம் எழுதி அச்சிட்டார். சிரிப்புக்காக வரைந்த உருவம் இப்படித்தான் கண்டம் தாண்டிப் போர்ப் பரப்புரைக்குத் தயார்ச் சரக்காகக் கைகொடுத்தது. மனிதர்களுக்கு நடுவே ஒரு நாட்டை மட்டும் விலங்காக வரைந்திருந்தால், அந்த இடத்தில் நான் சிரிப்பதை நிறுத்திவிடுவேன்.

செக் சிற்பி டேவிட் செர்னியின் என்ட்ரோபாவை யாரும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. ஒன்றியத்தின் சுழற்சித் தலைமை செக் குடியரசிடம் வந்த 2009 சனவரியில், பிரசெல்ஸில் ஐரோப்பிய ஒன்றிய மன்றக் கட்டடத்துக்குள் நிறுவப்பட்ட படைப்பு அது. பொம்மை விமானத்தின் பிளாஸ்டிக் துண்டுகள், பிரித்தெடுப்பதற்கு முன் ஒரு சட்டகத்தில் ஒட்டியபடி இருக்குமல்லவா, அந்த வடிவில் 27 நாடுகளைத் தொங்கவிட்டிருந்தார். பிரான்சின் குறுக்கே வேலைநிறுத்தப் பதாகை. சுவீடன் பிரிக்காத அறைகலன் பெட்டி. பெல்ஜியம் பாதி தின்ற சாக்லேட் பெட்டி. ருமேனியா டிராகுலா பூங்கா. பிரிட்டனின் இடம் காலி. பல்கேரியாவை மட்டும் குந்தி உட்காரும் கழிப்பறைகளாகக் காட்டியிருந்தார். பல்கேரிய அரசு கண்டனம் தெரிவித்தது. சில நாள்களில் அந்தத் துண்டின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு கலைஞர் என 27 பேர் சேர்ந்து செய்தது என்று செக் அரசிடம் சொல்லியிருந்ததும் கட்டுக்கதை. செர்னியும் சில கூட்டாளிகளும்தான் எல்லாவற்றையும் செய்திருந்தார்கள்.

பிரான்சு சிரித்துவிட்டுப் போகலாம். அந்த மேசையில் தலைமாட்டில் உட்கார்ந்து பழகிய நாடு அது. பல்கேரியா 2007-இல்தான் ஒன்றியத்தில் சேர்ந்தது. பந்தியில் இடம் கிடைத்து இலை விரித்த வேளையில் ஒருவரைப் பார்த்து இப்படிச் சொன்னால் அது நகைச்சுவையாகுமா? பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதோடு, பார்க்கப்படுபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

பழந்தாள் எழுதியது:

ஆக்டோபஸ் பற்றிச் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. என்ட்ரோபாவில் மட்டும் ஒரு திருத்தம்: கேலிக்கு ஆளானவர்களில் செர்னிக்குப் பணம் கொடுத்து ஏமாந்த அவருடைய சொந்த அரசும் அடக்கம். இந்தப் பொய்க் கலைஞர் பட்டியல் இல்லாவிட்டால் எனக்கும் அந்தப் படைப்புப் பிடித்திருக்காது.

அளவுகோல் எழுதியது:

ஒரு தகவல் மட்டும். இந்த முத்திரைகளில் ‘கொஞ்சமாவது உண்மை இருக்கும்’ என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். 49 பண்பாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2005-இல் சயன்ஸ் இதழில் வந்தது. தம் நாட்டின் சராசரி மனிதர் எப்படிப்பட்டவர் என்று மக்களிடம் கேட்டு, அந்த விடையை அங்குள்ளவர்களின் ஆளுமையை உண்மையாகவே மதிப்பிட்டுக் கிடைத்த சராசரியோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் பொருந்தவில்லை. கவனியுங்கள், கேட்டது அண்டை நாட்டைப் பற்றியன்று. சொந்த நாட்டைப் பற்றி. 2012-இல் பியூ ஆய்வு மையம் எட்டு ஐரோப்பிய நாடுகளில், ஒன்றியத்திலேயே கடும் உழைப்பாளிகள் யார் என்று கேட்டபோது ஏழு நாட்டார் செருமானியரைச் சொன்னார்கள். கிரேக்கர்கள் மட்டும் தங்களைச் சொன்னார்கள். உங்கள் ஆறு பக்கங்களில் இந்தக் கிரேக்க விடைக்கு ஒரு மூலை ஒதுக்கலாம்.

பிளம்பர் விவகாரத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. 2005-இல் ஐரோப்பிய அரசியல் சாசனம் குறித்துப் பிரான்சில் வாக்கெடுப்பு நடந்த காலத்தில், மலிவுக் கூலிக்கு வந்து வேலையைப் பறித்துக்கொள்வார் என்று அச்சமூட்டப் பயன்பட்ட உருவம்தான் போலந்து பிளம்பர். போலந்தின் சுற்றுலாத் துறை அதற்கு மறுப்பறிக்கை எழுதிக்கொண்டிருக்கவில்லை. கையில் குழாயோடு ஓர் அழகான இளைஞரை நிறுத்திப் படமெடுத்து, ‘நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் திரளாக வாருங்கள்’ என்று பிரெஞ்சு மொழியில் விளம்பரம் செய்தது. உங்கள் சக பணியாளர் பால்டிக் கடலில் எழுதியது அதற்கு ஒரு படி மேல் என்பேன்.

மைக்கூடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இந்தப் பின்கதை தெரியாமலே அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன் என்பது இப்போது உறைக்கிறது. நாங்கள் சிரித்த சொல் ஒரு காலத்தில் வாக்குச் சேகரிக்கப் பயன்பட்ட சொல் என்பதை அவர் அறிந்திருப்பார். எதிர்க்காற்றின் வாதத்தை ஏற்று, கட்டுரையின் நடுப்பகுதியை ஆக்டோபஸுக்கே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இப்போது நடைமுறைச் சிக்கல்: இவற்றில் எவற்றை அச்சிட எங்களுக்கு உரிமை உண்டு?

பதிப்புமேசை எழுதியது:

1868, 1870, 1877 ஆண்டுப் படங்களின் பதிப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. கார்னெல் பல்கலைக்கழக நூலகத்தின் பி.ஜே. மோட் தொகுப்பில் இந்த வகைப் படங்கள் உயர்ந்த தெளிவில் கிடைக்கின்றன. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் கீழேயுள்ள பயன்பாட்டுக் குறிப்பை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். ஸ்டைன்பெர்க் 1999-இல்தான் மறைந்தார். ஸ்வெட்கோவ் நம் காலத்தவர். அவர்களுடைய படங்களை அனுமதி கேட்காமல் போடாதீர்கள். ‘நாங்களே அந்தப் பாணியில் வரைந்துகொள்கிறோம்’ என்பதும் பாதுகாப்பான வழியன்று; ஸ்டைன்பெர்க்கின் அட்டையை அடியொற்றி 1984-இல் வந்த ஒரு திரைப்படச் சுவரொட்டிக்கு எதிராக அவர் வழக்குத் தொடுத்தார்; 1987-இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. சொற்களால் விவரித்துவிட்டுப் படத்தை விட்டுவிடலாம்; பழந்தாள் மேலே செய்திருப்பது போதும்.

அச்சில் இன்னொரு தொல்லை வரும். அதோலின் படத்திலும் ரோஸின் படத்திலும் விளக்கக் குறிப்புகள் பொடி எழுத்தில் இருக்கின்றன. அரைப் பக்கத்துக்குச் சுருக்கினால் கொசு மொய்த்ததுபோல் ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் முழுப் பக்கம் கொடுத்து, குறிப்புகளைத் தமிழில் எதிர்ப்பக்கத்தில் தாருங்கள். அயர்லாந்து நாயின் கழுத்துக் கயிறு வாசகர் கண்ணில் படாவிட்டால் அந்தப் படத்தைப் போட்டே பயனில்லை.

மைக்கூடு எழுதியது:

அப்படியே செய்கிறேன். 1877 ஆக்டோபஸும் 1904 ஆக்டோபஸும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும். ஒஹாரா படத்தின் உரிமை நிலையைத் தனியே விசாரித்துவிட்டு எழுதுகிறேன். சுவரில் இருந்த படத்தை எடுத்துவிடலாமா என்று இன்று காலை அந்தப் பணியாளரிடம் ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். எடுக்க வேண்டாமாம், அவர் எழுதிய வரியைப் பென்சிலுக்குப் பதில் பேனாவால் அழுத்தி எழுதித் தரச் சொன்னார்.