கிராம சுகாதாரக் குழு நிதி: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

மேலூர்ப் பெண்:
ஊர்ச் சுகாதார வேலைகளுக்கென்று கிராம சுகாதாரக் குழுவுக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய் வருமே, ஊராட்சித் தலைவரும் கிராமத்து நர்ஸம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுக்கிற அந்தப் பணம், அதைப் பற்றித்தான் சொல்கிறேன். 2023 ஐப்பசி மழைக்கு அப்புறம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். கொசு முட்டையிடுகிற டயர், சிரட்டை எல்லாம் அள்ள ஆள் கூலி, தொட்டிகளுக்கு மூடி, இவ்வளவுதான் கேட்டோம். நர்ஸம்மா செக்கில் தன் கையெழுத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், நானும் கூட இருந்தேன். உள்ளே தலைவர் போனில் பேசுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. வீட்டுக்காரம்மா வந்து "அவுக தூங்குறாக, நாளைக்கு வாங்க" என்றார். நர்ஸம்மா ஒரு வார்த்தை பேசாமல் செக்கை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்புறம் மார்ச்சில், நிதியாண்டு முடிகிறது என்று, அதே பணத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டை வந்து இறங்கியது. டெங்குக் கொசு முட்டையிடுவது வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில், பவுடரைச் சாக்கடை ஓரம் தூவி என்ன பயன்?

உசிலம்பட்டிக்காரன்:
அக்கா, தலைவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் துணைக்கு ஆள் இல்லாத ஒரு பாட்டியை ராத்திரியில் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இந்த நிதி அந்த மாதிரி அவசரத்துக்கும்தான். ஆட்டோக்காரரிடம் ரசீது ஏது? வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். தணிக்கைக்கு வந்தவர் அந்தத் தாளை ஒரு விரலால் தள்ளிவிட்டார். வாடகையைத் தலைவர் தன் சட்டைப் பையிலிருந்து கட்டினார், அதற்கப்புறம் பவுடர் பில் தவிர வேறு எதற்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. கடை பில் இருந்தால் கேள்வி வராது, அதனால்தான் எல்லா ஊரிலும் பவுடர்.

திருமங்கலம் வாசகர்:
எங்கள் ஊரில் குழு என்று ஒன்று இருப்பதே போர்டைப் பார்த்துத்தான் தெரியும். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கூடுகிறது. மழைக்கு முன்னால் வருகிற கூட்டத்திலேயே எந்த வேலைக்கு எவ்வளவு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள், எழுதிவிட்டால் ஆள் கூலிக்கும் கணக்குக் காட்ட வழி உண்டு. பணம் எதற்குச் செலவானது என்று காட்டுகிற போன வருஷப் பயன்பாட்டுச் சான்றிதழின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து அவர்கள் இடத்துக்குத் தனி அலுவலர் வந்தார், அதனால் குழுக் கணக்கின் பழைய பாஸ்புக் யாரிடம் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள்.

மேலூர்ப் பெண்:
தம்பி, அந்தப் பாட்டி விஷயம் மனதை அறுக்கிறது. ஆனால் எங்கள் தலைவருக்கும் அதே தணிக்கைப் பயம் என்றால் வெளியே வந்து அதைச் சொல்லியிருக்கலாமே. திருமங்கலம் ஐயா, ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கேட்கிறேன். கூலிக்குத் தீர்மானம் எழுதிய ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் வாசகத்தை அப்படியே இங்கே போடுங்கள்.