மறந்துபோன கட்டளையை எதில் தேடுகிறீர்கள்? அனுபவத்தைப் பகிருங்கள்

லினக்ஸ் டெர்மினலில் கோப்புகளை ஒன்றாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் டார் (tar) கட்டளையைக் கொஞ்ச நாள் தொடாமல் விட்டால், எந்த எழுத்து எதற்கு என்பது எனக்கு மறந்துவிடும். அதன் கையேடான மேன் (man) பக்கத்தைத் திறந்தால் ஆப்ஷன்கள் திரை திரையாக ஓடும். எனக்கு வேண்டியதோ, சுருக்கிய கோப்பை வேறொரு ஃபோல்டரில் பிரிக்கும் ஒரே ஒரு வரி. அந்த மாதிரி நேரத்தில், கட்டளைகளுக்குச் சுருக்கமான உதாரணங்கள் தரும் டிஎல்டிஆர் (tldr) கருவிதான் என் துணை. கட்டளையின் பெயரைச் சேர்த்து அடித்தால் 8-க்கு மேற்படாத உதாரணங்கள் வரும். என்ன வேலை என்று மேலே ஒரு வரி, அதற்கான கட்டளை கீழே. கோப்புப் பெயரை மட்டும் மாற்றி எண்டர் தட்டலாம். டாரில் சிறிய சி புதிதாகக் கட்டுவதற்கு, பெரிய சி ஃபோல்டரைச் சொல்வதற்கு. இதை உதாரணத்தில் பார்த்தால்தான் சட்டென்று பிடிபடுகிறது.

---

உண்மைதான். ஆனால் எதையாவது அழிக்கும் கட்டளை என்றால் நான் மேன் பக்கத்தைப் படிக்காமல் விடுவதில்லை. எங்கள் குழுவில் ஒருவர் பழைய லாக் கோப்புகளை நீக்க, கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் (find) கட்டளை எழுதி, ஓட்டுவதற்கு முன் என்னிடம் காட்டினார். உதாரணத்தில் இருந்த துண்டுகள் எல்லாம் அதில் இருந்தன, வரிசைதான் மாறியிருந்தது. டெலீட் முன்னால், பெயர் நிபந்தனை பின்னால். ஃபைண்ட் இடமிருந்து வலமாகத்தான் பார்த்துக்கொண்டு போகும். அதனால் பெயரைச் சரிபார்க்கும் முன்பே அந்த ஃபோல்டரில் உள்ளதெல்லாம் போயிருக்கும். மேன் பக்கத்தில் இதற்குத் தனி எச்சரிக்கையே உண்டு, நல்லவேளை கேட்டார்.

அப்புறம், கோப்பு கடைசியாக மாறி எத்தனை நாள் ஆனது என்று ஃபைண்டைப் பார்க்கச் சொல்லும் எம்டைம் பிளஸ் 7 (-mtime +7). ஏழு நாள் தாண்டியதும் கோப்பு சிக்கிவிடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் ஃபைண்ட் முழு 24 மணி நேரங்களை மட்டும் எண்ணி மிச்சத்தைத் தள்ளிவிடும். ஆக, 8 நாள் நிறைந்த கோப்புதான் சிக்கும். சுருக்கக் குறிப்பில் இதற்கெல்லாம் இடமிருக்காது. டெலீட் இருக்கும் இடத்தில் பிரிண்ட் போட்டு ஒரு தடவை பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

---

மேக்கில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. கோப்பிலுள்ள சொற்களைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையில் கோப்பையே நேரடியாக மாற்றும் ஐ (-i) ஆப்ஷன் லினக்ஸில் தனியாக நிற்கும். மேக்கில் அதற்குப் பின்னால் பேக்கப் கோப்பின் பின்னொட்டைக் கொடுக்க வேண்டும், வேண்டாமென்றால் வெற்று மேற்கோள்குறியாவது போட வேண்டும். உங்கள் கணினியில் இருக்கும் செட் எது என்பது அதிலுள்ள மேன் பக்கத்துக்குத்தான் தெரியும்.

---

கட்டளையின் பெயரே தெரியாத நேரத்தில் என்னைக் காப்பாற்றுவது அப்ரோபோஸ். ஒரு சொல்லைக் கொடுத்தால் தொடர்புள்ள மேன் பக்கங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும். இணையமே இல்லாத சர்வரிலும் ஓடும்.

மேன் பக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்வேன். 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலிருந்தே பெயர், பயன்பாட்டு வடிவம், விளக்கம் என்ற அதே அமைப்புதான். சதுர அடைப்புக்குள் இருப்பது கட்டாயமில்லை, மூன்று புள்ளி என்றால் திரும்பவும் கொடுக்கலாம். இவ்வளவு தெரிந்தாலே பாதி புரிந்துவிடும்.

மேன் பக்கங்களின் பிரிவு எண்ணையும் கவனியுங்கள். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்ட வைக்கும் கிரான்டாப்பை (crontab) எடுத்துக்கொள்ளுங்கள். மேன் கிரான்டாப் என்று மட்டும் அடித்தால் கட்டளையைப் பற்றித்தான் வரும். நேரம் எழுதும் முறை வேண்டுமென்றால் நடுவில் 5 சேர்க்க வேண்டும். தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே வேலை ஓடும் என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.