கையசைவில் சார்ஜ் ஆகும் குவார்ட்ஸ் வாட்ச்: வாங்கலாமா, வேணாமா?

தண்டையார்பேட்டை தம்பி
அப்பா அடுத்த மாசம் ஹார்பர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிறார். நல்ல வாட்ச் ஒண்ணு வாங்கித் தரணும்னு ஆசை. நம்ம சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கடையில சீக்கோ கைனெடிக் பார்த்தேன், 5எம்62 மெஷின், ஏற்கெனவே ஒருத்தர் கட்டினது. "பேட்டரியே வேணாம், கை ஆடினா ஓடும், ஆயுசுக்கும் கவலையில்ல"ன்னு கடைக்காரர் சொல்றார். நம்பலாமா? அப்பா ஒரே வாட்ச்சை வருஷக்கணக்கா கட்டுற ஆளு. குளிக்க, தூங்க மட்டும்தான் கழட்டுவார்.

ராயபுரம் ரயிலடி
தாராளமா வாங்குங்க தம்பி. நான் கட்டியிருக்கிறதும் அதே மெஷின்தான். உள்ளே அரைவட்டமா ஒரு எடை சுத்தும். அந்தச் சுத்தைப் பல்சக்கரங்கள் பெருக்கி ஒரு குட்டிக் காந்தத்தை ஓட்டும், நிமிஷத்துக்கு 1 லட்சம் சுத்து வரைக்கும். பக்கத்துல இருக்கிற காயில்ல, அதாவது கம்பிச் சுருள்ல, கரன்ட் பிறக்கும். நேரத்தைப் பிடிச்சு வைக்கிறது செகண்டுக்கு 32,768 தடவை அதிருற குவார்ட்ஸ் படிகம். அதனால மாசத்துக்கு 15 செகண்ட் முன்னபின்ன, அவ்வளவுதான். கை அசைவுல ஸ்பிரிங் முறுக்கி ஓடுற சாதாரண ஆட்டோமேட்டிக் எடுத்துக்குங்க, சீக்கோவோட 7எஸ்26 மெஷின் ஒரே நாள்ல 40 செகண்ட் கூட ஓடினாலும் கம்பெனி கணக்குல அது சரி. ஷிஃப்ட் நேரம் பார்த்தே வாழ்ந்த மனுஷனுக்கு அது ஒத்துவருமா? கைனெடிக் ஃபுல் சார்ஜ் ஏறினா 6 மாசம் நிக்காது.

எம்.சி. ரோடு மெக்கானிக்
"பேட்டரியே வேணாம்"ங்கிற பேச்சைத்தான் என்னால சகிச்சுக்க முடியல. பிறக்கிற கரன்ட் எங்கேயாவது தங்கணும் இல்லையா? 1988ல ஜெர்மனியில முதல்முதலா இது விற்பனைக்கு வந்தப்போ அதுக்குக் கரன்டைத் தேக்கி வைக்கிற கெபாசிட்டர் வச்சாங்க. சில வருஷத்துல அது தளர்ந்துபோகும். ராத்திரி கழட்டி வச்சா காலையில நின்னு கிடக்கும். அதுக்கப்புறம்தான் லித்தியம் அயான் செல் வந்தது. ரொம்ப நாள் உழைக்கும், ஒத்துக்கிறேன். ஆனா அதுவும் ஒருநாள் மாத்தவேண்டிய பொருள்தான்.

மாத்துற வேலையையும் சொல்லிடுறேன். சாதா குவார்ட்ஸ்ல பேக்கை, அதாவது பின்மூடியை, திறந்து செல்லை மாத்தி மூடினா முடிஞ்சது. இதுல ரோட்டரை, அதாவது அந்தச் சுத்துற எடையை, கழட்டணும், கீழே இருக்கிற சக்கரம், தகடெல்லாம் எடுக்கணும். பக்கத்துலயே காயில், கம்பி தலைமுடியை விட மெல்லிசு. ட்வீசர் லேசா பட்டாலும் போச்சு. அவசரத்துக்கு சாதா செல்லைச் செருகி அனுப்புறவங்களும் இருக்காங்க. அது ரீசார்ஜ் ஆகிற செல் இல்ல. மேல மேல கரன்ட் ஏறினா கசிஞ்சு மெஷினையே அரிச்சிடும். வாங்குறது பெரிசில்ல தம்பி, பத்து வருஷம் கழிச்சு யார்கிட்ட கொடுப்பீங்கங்கிறதை யோசிங்க.

மணலி வெயில்
மெக்கானிக் அண்ணன் சொல்றதுதான் சரி. அசையுற உறுப்பே இல்லாம சார்ஜ் ஆகிற வாட்ச் இருக்கும்போது இந்த ரோட்டர், காந்தம் எதுக்கு? சிட்டிசன் ஈகோ-டிரைவ், கேசியோ டஃப் சோலார் ரெண்டும் வெளிச்சத்துலயே ஏறும். நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்? சுவிஸ்ல வாட்ச் மெஷின் செய்யுற ஈடிஏ கம்பெனி கூட ஆட்டோகுவார்ட்ஸ்னு இதே மாதிரி மெஷின் செஞ்சு, பிறகு நிறுத்திட்டாங்க.

ராயபுரம் ரயிலடி
மணலி, சோலார் வாட்ச்சுக்குள்ளயும் ரீசார்ஜ் செல்தான் இருக்கு. அதுவும் தேயும். அதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? முழுக்கை சட்டைக்குள்ள மறைஞ்சிருந்தா அதுக்கும் வெளிச்சம் பத்தாது.

எங்க பக்கத்துக்கே உரிய விஷயம் ஒண்ணு இருக்கு. காசிமேடு, ராயபுரம் காத்துல உப்பு. ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு வருஷம் உதிருது. சாதா குவார்ட்ஸ்ல ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா செல் மாத்த பேக்கைத் திறந்தா, அவசரத்துல மூடும்போது தண்ணி புகாம தடுக்கிற வாஷர் சரியா உட்காராது. கண்ணாடிக்குள்ள பனி கட்டுறது அங்கேதான் ஆரம்பிக்குது. கைனெடிக்கை அத்தனை தடவை திறக்க வேண்டியதே இல்ல. இன்னொண்ணு, கையைத் திருப்பும்போது அந்த எடை சுத்துற மெல்லிய சத்தம் கேக்கும். நம்ம அசைவுலதான் இது ஓடுதுங்கிற நினைப்பு தர்ற சந்தோஷத்தை எந்த சோலாரும் எனக்குத் தரல.

எம்.சி. ரோடு மெக்கானிக்
உப்புக்காத்து பத்தி சொன்னது நியாயம். ஆனா வாஷர் வயசானா தானாவே இறுகிப்போகும், திறந்தாலும் திறக்காட்டாலும். பதினஞ்சு வருஷம் திறக்காத வாட்ச்சைக் கட்டிக்கிட்டுக் கடல்ல இறங்கலாம்னு யாரும் நினைக்க வேணாம்.

கொருக்குப்பேட்டை கேரம்
கை எவ்வளவு ஆடுதுங்கிறதை யாருமே பேசலையே? நான் நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிற ஆளு. விரல்தான் ஆடும், மணிக்கட்டு மேஜையிலயே கிடக்கும். சாயங்காலம் மன்றத்துல கேரம் ஆடினாலும் அடிக்கிறது வலது கை, வாட்ச் இடது கையில. ஞாயித்துக்கிழமை நடந்தாத்தான் சார்ஜ் ஏறுது. எண்ணூர் ரோட்டுல பைக் ஓட்டினா குலுங்கி ஏறிடும்னு சொல்வாங்க. குலுங்கல் வேற, வீச்சு வேற. எடை சுத்தணும்னா கை வீசணும்.

தம்பி, ரிட்டயர் ஆன பிறகு அப்பா நடப்பாரா, டிவி முன்னாடி உட்காருவாரா?

தண்டையார்பேட்டை தம்பி
நடப்பார் அண்ணே. காலையில கடற்கரைப் பக்கம் நடக்காம காபி குடிக்க மாட்டார். மீன் வாங்க காசிமேட்டுக்கும் நடைதான், பஸ் ஏற மாட்டார். ஆனா மூட்டுவலி ஆரம்பிச்சிருக்கு. நாலஞ்சு வருஷத்துல எப்படி இருக்கும்னு தெரியல.

மணலி வெயில்
அதைத்தான் சொல்றேன். முழுசா நின்னுபோன கைனெடிக்கை எழுப்பணும்னா நூத்துக்கணக்கான தடவை ஆட்டணும். 20 சென்டிமீட்டர் வீச்சுல, செகண்டுக்கு ரெண்டு தடவை. மூட்டுவலிக்காரரை அதைச் செய்யச் சொல்வீங்களா? ஜன்னலோரம் வச்சா தானா எழுந்துக்கிற வாட்ச்தான் அவருக்கு நல்லது.

ராயபுரம் ரயிலடி
வீட்டுல பிள்ளை இருக்கான்ல, அவன் ஆட்டித் தரட்டும். தினமும் நடக்கிற மனுஷன் கையில இது நிக்கவே நிக்காது. சார்ஜ் குறைஞ்சா முள்ளு ரெண்டு ரெண்டு செகண்டா தாவி முன்கூட்டியே சொல்லிடும். அடிக்கடி கழட்டி வைக்கிறவங்களுக்கு ஆட்டோ ரிலேன்னு ஒரு வகையே இருக்கு. முள்ளு தூங்கும், உள்ளே நேரம் 4 வருஷம் வரைக்கும் ஓடிட்டிருக்கும். எடுத்து ஆட்டினா முள்ளு சரியான நேரத்துக்குத் தானா வந்து நிக்கும்.

தம்பி, கடையில 2 மணிப் பக்கம் இருக்கிற பட்டனை அழுத்திப் பாருங்க. செகண்ட் முள்ளு சட்டுனு 30 செகண்ட் தூரம் முன்னால ஓடினா நல்ல சார்ஜ், 5 செகண்ட் தூரத்தோட நின்னா சார்ஜ் கம்மி. 30 ஓடினா எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

எம்.சி. ரோடு மெக்கானிக்
பழைய வாட்ச்ல அந்தப் பட்டனை மட்டும் நம்பி யாரும் காசு கொடுக்காதீங்க! அது பார்க்கிறது செல்லோட வோல்டேஜை. தளர்ந்த செல்லுல கொஞ்சம் ஆட்டினாலே வோல்டேஜ் சட்டுனு ஏறிடும், பட்டன் 30 காட்டும். உள்ளே சரக்கு இருக்காது, விடியறதுக்குள்ள நின்னுடும். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும்போதே நாலு தடவை ஆட்டித்தான் கொடுப்பார். கெட்ட எண்ணம்னு சொல்லல, கை பழக்கம் அது.

சரியான பரிசோதனை ஒண்ணுதான். நல்லா சார்ஜ் ஏத்தி, முள்ளு ஒவ்வொரு செகண்டா நகருறதைப் பார்த்துட்டு, ரெண்டு ராத்திரி யாரும் தொடாம ஒரே இடத்துல வைக்கச் சொல்லுங்க. அப்பவும் ஒவ்வொரு செகண்டா நகர்ந்தா செல்லுல உயிர் இருக்கு. ரெண்டு ரெண்டா தாவினாலோ நின்னிருந்தாலோ, செல் மாத்துற கூலியையும் செல் விலையையும் கழிச்சுக்கிட்டு விலை பேசுங்க. கடைக்காரர் ஒத்துக்கலைன்னா சோலார் புதுசு ஒண்ணு வாங்குங்க.

ராயபுரம் ரயிலடி
பரிசோதனை சரி, அண்ணன் கைப்பக்குவம் தெரிஞ்சவர். ஆனா செல் செத்திருந்தாலும் விலை படிஞ்சா நான் கைனெடிக்கைத்தான் எடுப்பேன். புது செல் போட்டா பல வருஷம் கவலையில்ல, கேஸும் ஸ்டீலும் அந்தத் தரத்துல இன்னைக்கு அந்த விலைக்குக் கிடைக்காது.

தண்டையார்பேட்டை தம்பி
நாளைக்குச் சாயங்காலம் கடைக்குப் போறேன். ரெண்டு ராத்திரி வைக்கச் சொல்லிக் கேக்குறேன். மெக்கானிக் அண்ணே, செல் மாத்தணும்னா உங்ககிட்டயே கொண்டு வரலாமா?

எம்.சி. ரோடு மெக்கானிக்
கொண்டு வாங்க தம்பி. பேக்குல இருக்கிற மெஷின் நம்பரை முதல்லயே எழுதி அனுப்புங்க. அதுக்கேத்த செல் வரவழைக்கணும், கடையில எப்பவும் இருக்காது.